சம்பந்தி வந்த வூட்டுல உப்பில்ல

...பின்ன என்னா டீச்சர்! எல்லாம் வாங்கி வச்சேன். ஒண்ணு பாக்கி இல்லாம வாங்கி வச்சேன். புயல் வருது, புயல் வருதுன்னு டிவியில அந்தப் பொண்ணு மேப்ப காட்டி காட்டி சொல்லுச்சில்ல, அப்பவே பைய எடுத்துகினு கெளம்பிட்டேன். எங்க வூட்டுக்காரரு சிரிக்கிறாரு. ஏண்டி சாமுண்டீஸ்வரி, புயலு நம்ப வூட்டுக்கு விருந்துக்கா வருதுன்னு கேக்குறாரு. சிரிங்க, நல்லா சிரிங்க, கரண்டு போயி கடை சாத்தினா அப்ப தெரியும் யாரு புத்திசாலின்னு சொன்னேன்... கொஞ்சம் தள்ளி நில்லுங்க டீச்சர், சாரல் உங்க மேல அடிக்குது. உள்ளல்லாம் வேணாம், காலெல்லாம் சேறு. ஒரு நிமிஷம்தான். ஒரே ஒரு விஷயம் கேட்டுட்டு ஓடிடுவேன். அங்க, செவுத்துக்கு அந்தப் பக்கம் எங்க அடுப்புல சாம்பார் கொதிக்குது.

அரிசி ரெண்டு சிப்பம் வாங்கினேன். தொவரம்பருப்பு, உளுந்து, ரவ, சேமியா. பால் பவுடர். ரஸ்க்கு. கேன் தண்ணி. கொசுவத்தி. பேதிக்கு மாத்திர, பேதி ஆவலன்னா அதுக்கும் ஒரு மாத்திர. மெழுகுவத்தி ஒரு பெட்டி. தீப்பெட்டி நமுத்துடும்னு அத கவர்ல சுத்தி, டப்பாவுல போட்டு, அந்த டப்பாவ அரிசிக்குள்ள பொதச்சி வச்சேன். இப்ப எந்த சிப்பத்துல பொதச்சேன்னு தெரியல, அது வேற கதை. என் புள்ள அருண்ராஜு சொல்றான், அம்மா, நீ வாசல்ல ஒரு போர்டு மாட்டிடு, புயல் முடியறதுக்குள்ள மளிகைக்கடை பிக்கப் ஆயிடும்னு. கொழுப்பு! அவங்கப்பன் ரத்தம்.

இத்தன வாங்கினவ வூட்டுல... இப்படி கிட்ட வாங்க. யாருக்கும் சொல்லக்கூடாது. உப்பு இல்ல டீச்சர்.

என்னாது, கேக்கலயா? இந்தப் பாழாப்போன காத்து வேற, ஒரேயடியா அடிக்குது. உப்பு! உப்பு இல்ல! சோத்துல போடுற உப்பு!

சிரிக்காதீங்க. நீங்க சிரிச்சா எனக்கும் சிரிப்பு வந்துடும், அப்பறம் அழுகையும் வந்துடும். உப்பளத்துக்காரி வூட்டுல உப்பில்லன்னு வெளிய தெரிஞ்சா மானம் போயிடும். இந்தத் தெருவுல காசு குடுத்து உப்பு வாங்குனவ ஒருத்தி இருக்காளா கேட்டுப் பாருங்க. நீங்க ஒருத்திதான், அதுவும் வெளியூரு. நான் கல்யாணமாயி வந்ததுலேர்ந்து அளத்துலேர்ந்து மூட்ட வரும், கொல்லையில நிக்கும், வேணும்ங்கறப்ப அள்ளிக்குவோம். மளிகைக்கடையில போயி காத்து ஒரு கிலோ குடுய்யான்னு கேப்பமா? அந்த மாதிரிதான் எங்களுக்கு உப்பு. ஞாபகமே வராது. பேதி மாத்திர ஞாபகம் வந்துச்சி பாருங்க!

வேற நாளா இருந்தா கவலையில்ல. எங்க வூட்டுக்காரருக்கு ரெண்டு நாள் உப்பில்லாம போட்டாதான் ரோஷம் கொறையும். இன்னைக்கிப் பாத்து சம்பந்தி வூட்டுக்காரங்க உள்ள ஒக்காந்திருக்காங்க டீச்சர். சம்பந்தின்னா, இன்னும் ஆவல. ஆவணும். கிளியனூர்க்காரங்க, நெல்லு, கரும்புன்னு நல்ல விவசாயக் குடும்பம். அவுரு பேரு குப்புசாமி, அந்தம்மா தையல்நாயகி. முந்தாநாளு சும்மா வூடு பாத்துட்டுப் போலாம்னு வந்தாங்க. சாப்பிட்டு எந்திரிக்கறதுக்குள்ள மழ புடிச்சிக்கிச்சி, ரோட்டு மேல தண்ணி ஏறிடுச்சி, பஸ்ஸும் நின்னு போச்சி. இருங்க, இதும் உங்க வூடுதான்னு சொல்லிட்டேன். வாயி சும்மா இருக்குதா?

அந்தம்மாவுக்கு இருக்கற ஒரே பயம் என்னா தெரியுமா? ஏங்க, கடலோரமாச்சே, வருஷா வருஷம் புயலு வருதே, எங்க பொண்ணு சோத்துக்கு என்னா பண்ணும்னு மொத நாளே போன்ல கேட்டாங்க. நான் என்னா சொல்லியிருக்கணும்? பாத்துக்கலாம்ங்கன்னு சொல்லிட்டு வச்சிருக்கணும். நான் சொல்றேன், சம்பந்தி, புயல் வந்தா ஊரே எங்க வூட்டுல வந்து சாப்பிடும்ங்க, எங்க கிட்ட இல்லாததுன்னு ஒண்ணு கெடையாதுங்க! அருண்ராஜு பக்கத்துல நின்னு தலையில அடிச்சிக்கிறான். அவனுக்கு அந்தப் பொண்ணு யுவராணி மேல அவ்ளோ ஆச. போட்டோ பாத்ததுலேர்ந்து ஒழுங்கா சோறு எறங்கல. இது அமையலன்னா நான் அளத்துலயே குடிச போட்டு ஒண்டியா கெடந்துக்கறேன்ங்கறான். இந்தம்மா இன்னும் பிடி குடுத்துப் பேசல டீச்சர். ஊருக்குப் போயி சொல்லி அனுப்புறோம்ங்கறாங்க. அப்படின்னா என்னா அர்த்தம்? எனக்கு நெசமாவே பயமா இருக்குது. வெளியதான் சிரிச்சிகினு திரியறேன்.

காலையில தப்பிச்சேன். மாவுல முன்னாடியே போட்ட உப்பு இருந்துச்சி, இட்லிய ஊத்தி சக்கரைய தொட்டுக்க வச்சேன். மத்தியானம் ரஸ்க்கும் டீயும் குடுத்து, மழைக்கி வயிறு லேசா இருந்தாதான் நல்லதுங்கன்னுட்டேன். குப்புசாமி அண்ணன் மொகத்துல ஈயாடல. பாவம், நாலாவது ரஸ்க்குல என்ன ஒரு பார்வ பாத்தாரு. சரி, பொழுது சாய சூடா சாம்பாரு, பொரியலு, ரசம்னு அமர்க்களமா போட்டுடலாம்ங்கன்னு வாய விட்டுட்டேன். கருவாட்டுக் கொழம்பு வச்சிருந்தா உப்பே தேவப்பட்டிருக்காது. குப்புசாமி அண்ணன் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்காரே! கார்த்திக மாசத்துல புயலும் வருது, சாமியும் வர்றாரு, நான் என்னா பண்ணுவேன்?

ஜாடியில ஒண்ணுமே இல்லையான்னு கேக்குறீங்க. இருந்துச்சி டீச்சர், நேத்து சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சி! அந்தம்மாவுக்கு கால் வலி. வெந்நீர்ல உப்பு போட்டு கால வைங்க சம்பந்தி, பறந்துடும்னு சொன்னேன். அவங்க ஒரு கை போதும்ங்கறாங்க. நானு, எங்க வூட்டுல உப்புக்கா பஞ்சம்னு, ஜாடியவே கவுத்துட்டேன் பக்கெட்டுல! டொப்புன்னு விழுது. அந்தம்மா ஆன்னு பாக்குறாங்க. எனக்கு அப்படி ஒரு பெரும. கால் வலி போயிடுச்சாம், நல்லா நடக்கிறாங்க. அந்த உப்பு இருந்தா ஒரு மாசம் ஓடியிருக்கும். யாராச்சும் என் வாயில ரெண்டு தையல் போடக்கூடாதா!

அளத்துக் கரையில குமிச்சி ஓல போட்டு மூடினது இருக்குது, ஆனா போற வழியெல்லாம் வெள்ளம். கொல்லையில கால் மூட்ட இருந்துச்சி. வூட்டுக்குள்ள வச்சா செவுரு அரிச்சிடும்ல, அதுக்காவ ஒரு ப்ளாஸ்டிக் டப்புல எறக்கி, மேல தார்ப்பாய் போட்டு வெளிய வச்சிருப்போம். இப்பப் போயி பாக்குறேன், தார்ப்பாயக் காணோம்! ரெண்டு நாளு மழையும் மூட்ட மேலதான் பேஞ்சிருக்குது. தூக்குனா வெறும் சாக்கு வருது, டப்புல பாதிக்கி தண்ணி நிக்குது. எங்க வூட்டுக்காரர கூப்பிட்டு பிடி பிடின்னு பிடிச்சிட்டேன். ஒரு தார்ப்பாய பாத்துக்கத் துப்பில்ல, நீயெல்லாம் ஒரு அளத்துக்காரனான்னு. அந்த மனுஷன் என்ன கூட்டிகினு போயி பின்னாடி ஷெட்ட காட்டுறாரு. ஷெட்டு ஒழுவுதுன்னு நான்தான்... நானேதான் டீச்சர்... மழைக்கி முன்னாடி அந்தத் தார்ப்பாய உருவிகினு வந்து அரிசி, பருப்பு, ரஸ்க்கு மேல போத்தி வச்சிருக்கேன்! ரஸ்க்கு காஞ்சி கரகரன்னு இருக்குது. உப்பு கரைஞ்சி போச்சி. அவுரு பீடிய எடுத்துகினு அந்தப் பக்கம் போயி சிரிக்கிறாரு, முதுகு குலுங்குது.

அதான் ஓடியாந்தேன். நம்ப தெருவுல எவளாண்ட கேட்டாலும் நாளைக்கி மரக்காணம் ஊரே பேசும். நீங்கன்னா வாயத் தொறக்க மாட்டீங்க. சீக்கிரம் வாங்கிடணும் டீச்சர், ஏன்னா வெளக்கு வச்சிட்டா உப்ப குடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது, வூட்டு லட்சுமி கெளம்பிப் போயிடுவா. எங்க மாமியா இதுல கறாரு. ஒரு தடவ பொழுது சாஞ்சி உப்பு கேட்டு வந்தவள வாசல்லயே நிக்க வச்சி, அவ கொழுந்தன் கல்யாணத்துலேர்ந்து ஆரம்பிச்சி... ஆமா, கையில என்னா அது? அப்பலேர்ந்து எதையோ நீட்டிகினே இருக்கீங்களே?

உப்பு பாக்கெட்டா!

எப்ப எடுத்தாந்தீங்க? நான் உப்புன்னு சொன்னவுடனேயா? அடக் கடவுளே, அப்பலேர்ந்தா கைய நீட்டிகினு நிக்கிறீங்க? நடுவுல ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? ஆங், நான் எங்க விட்டேன், அதும் சரிதான். குடுங்க குடுங்க, மகராசியா இருங்க, நாளைக்கே... இருங்க. உள்ள என்னா வெளிச்சம்? உங்க மாமியா... வெளக்கு ஏத்திட்டாங்களா? இப்பவேவா? அய்யய்யோ! கைய இழுத்துக்கங்க! தராதீங்க! நான் வாங்க மாட்டேன்! புள்ள கல்யாணப் பேச்சு உள்ள நடக்குது, உங்க வூட்டு லட்சுமியையும் தொரத்தி எங்க வூட்டு லட்சுமியையும் தொரத்தவா? வந்தவுடனே வாங்கிகினு போயிருந்தா இந்நேரம் எலயே போட்டிருக்கலாம். எல்லாம் இந்த வாயி, இந்த வாயிதான்! உப்பில்லாத சாம்பார வாயில வச்சதும் அந்தம்மா குப்புசாமி அண்ணன ஒரு பார்வ பாப்பாங்க, தண்ணி வடிஞ்சதும் பைய தூக்கிடுவாங்க. என் புள்ள அளத்துக்குக் குடிபோயிடுவான். நான் என்னா பண்ணட்டும் டீச்சர், அந்தப் புள்ள மொகத்துல எப்படி முழிப்பேன்?

...காத்து நின்னுடுச்சி போலருக்குதே. அம்மாடி, எவ்ளோ அமைதியா இருக்குது.

யாரு சிரிக்கிறது? நீங்க இல்ல. உங்க மாமியாளும் இல்ல... எங்க வூட்டு பக்கம்ல கேக்குது. டீச்சர், எங்க சமையக்கட்டு ஜன்னலு தொறந்தா இருக்குது? அந்தம்மா நிக்கிறாங்களா? எப்பலேர்ந்து நிக்கிறாங்க? நான் இவ்ளோ நேரம் காத்துல கேக்கலன்னு கத்தி கத்தி... ரஸ்க்கு விஷயமும் கேட்டிருக்குமா? பேதி மாத்திர? தல ஆட்டாதீங்க, எனக்கு மயக்கம் வருது.

என்னாங்க சம்பந்தி? சும்மா டீச்சராண்ட மழையப் பத்தி... என்னாது? உப்பு போட்டாச்சா? எந்த உப்பு? ...டப்புலயா? டப்புல நின்ன தண்ணியவா? ...தெளிவா மேல மொண்டு, துணியில வடிகட்டி, கொதிக்கறதுல ரெண்டு கரண்டி ஊத்தி... ருசி பாத்தீங்களா? சரியா இருக்குதா? கணக்கா இருக்குதா?

அட என் ராசாத்தி! டீச்சர், கேட்டீங்களா கூத்த? கடத்தண்ணிய பாத்தியில கட்டி உப்பாக்கி உப்பாக்கியே என் கால் ரெண்டும் வெடிச்சிப் போயி கெடக்குது. உப்பு திரும்ப தண்ணியா ஆனதும், போச்சி போச்சின்னு தெருவுல நின்னு ஒப்பாரி வெக்கிறேன்! டப்பு நெறைய உப்பத்தான் வச்சிருக்கேன், எனக்குத் தெரியல! நெல்லு அறுக்கற அம்மா வந்து சொல்லணும்! சிரிங்க டீச்சர், இப்ப நல்லா சிரிங்க, எனக்கே தாங்கல, வயிறு வலிக்குது.

வரேன் சம்பந்தி, வரேன் வரேன்! ...பொண்ணப் பத்தியா? பொண்ணப் பத்தி என்னாங்க? ...

டீச்சர். உங்களுக்கும் கேட்டுச்சில்ல? எனக்கு மட்டுமா கேட்டுச்சி? உங்க வூட்டுல வாயி நெறைய இருக்குது, எங்க பொண்ணுகிட்ட மூள இருக்குது, ரெண்டும் சேந்தா குடும்பம் ஓடிடும்ங்கறாங்க! தை மாசத்துல நாள் பாக்கச் சொல்றாங்க!

டேய் அருண்ராஜு! எங்கடா இருக்கற? எந்திரிச்சி வந்து எல போடுடா! டீச்சருக்கும் சேத்துப் போடு!