பூஜைப் பொட்டுக்குக் கீழே ஒரு தேதி

படூர் பக்கம் ஐ.டி. கட்டடங்கள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்த காலம். மாமல்லபுரம் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் எலக்ட்ரீஷியன் சீருடையில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர் சொன்ன முதல் வாக்கியத்திலேயே என் தூக்கம் போய்விட்டது.

“மச்சான், நம்ம பில்டிங் போன மாசத்துலேர்ந்து கிரீன் பில்டிங்கே கெடையாது, தெரியுமா?”

“இன்னாடா சொல்ற? மரமெல்லாம் அப்டியே தான கீது?”

“மரத்த யாரு கேட்டா? கரண்டு, தண்ணி மிச்சம் பண்றோம்னு வாசல்ல மாட்டிகீற கிரீன் பில்டிங் பலகை மூணு வருஷம்தான் செல்லும். நீ வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வெச்சது கரீட்டா அது முடியற தேதி மேல. எவனும் பாக்கல. நான்தான் தொடச்சிப் பாத்துட்டு மேனேஜர்கிட்ட ஓடுனேன்.”

“இப்ப இன்னா பண்ணணும்?”

“கரண்டு, தண்ணி எவ்ளோ செலவாச்சுன்னு காட்டணும். பலகை குடுத்தவங்க நேர்ல வந்து செக் பண்ணிட்டு, இன்னும் மூணு வருஷத்துக்குத் தருவாங்க.”

“அதுக்குத்தான் ஆளில்லாத ரூம்ல எல்லாம் ஓடி ஓடி லைட்ட ஆஃப் பண்றியா?”

ஜன்னலோரத்துக்காரர் சிரித்தார்.

“போன தபா செக் பண்ண ஒரு மேடம் வந்தாங்களே. மொட்ட மாடில எங்கூட நின்னு டீ குடிச்சாங்க. ‘இதே மாரி பாத்துக்கோங்க, அடுத்த வாட்டியும் நானே வரேன்’னாங்க.”

“டேய், வேற யாராவது வந்தா?”

பஸ் கேளம்பாக்கம் தாண்டியது. ஜன்னலோரத்துக்காரர் நண்பர் பக்கம் திரும்பினார்.

“வரட்டும். அதுக்கப்பறம் மூணு வருஷத்துல மேடம் மறுபடி வருவாங்கல்ல? அதுவரிக்கும் லைட்ட ஆஃப் பண்ணிகினு இருக்கறேன்.”