வலிக்காத ஊசி

நான் ஊசி போட்டால் வலிக்காது என்று ஊரில் சொல்வார்கள். அமெரிக்காவின் இந்த ஓசார்க் மலையடிவாரத்தில் நான் நீண்ட காலமாகக் குழந்தை மருத்துவர். ட்ரெடவே டாக்டர் கைராசிக்காரர் என்று பக்கத்து ஊர்களிலிருந்தும் வருவார்கள். கோல்பியும் அப்படி வந்தவன்தான். பெண்ணாகப் பிறந்த பிள்ளை. பதினைந்து வயதில், அம்மா ரோண்டாவின் சம்மதத்தோடு, என்னிடம் ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளத் தொடங்கினான். குரல் உடைந்த அன்று அவன் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

பிறகு எங்கள் மாநிலத்தில் அந்தச் சட்டம் வந்தது. பதினெட்டு வயதுக்குள் இந்தச் சிகிச்சை பெற்ற பிள்ளை, பின்னாளில் மனம் மாறினால் டாக்டர்மேல் வழக்குப் போடலாம். அரை ஆயுள் கழித்தும் போடலாம். காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிட்டது. மற்ற டாக்டர்கள் சிகிச்சையை நிறுத்தினார்கள். நானும் நிறுத்தப்போவதாகச் சொல்லிவிடத்தான் நினைத்தேன். அதற்குள் ரோண்டா, பெக்கான் கொட்டை வைத்துச் சுட்ட இனிப்போடு வந்து நின்றாள்.

"எல்லாரும் ஓடிட்டாங்க டாக்டர். நீங்க ஒருத்தர்தான் எம் புள்ளைய விடல. இது முழுக்க உங்களுக்கு. வீட்டம்மாவுக்கு ஒரு துண்டாவது மிச்சம் வைங்க."

அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? ஹார்மோன் மருந்து எண்ணெயில் கலந்துதான் வரும். அன்றிலிருந்து நான் வெறும் எண்ணெயைப் போட்டேன். கிருமி நீக்கிய சுத்தமான எண்ணெய். அந்த விஷயத்தில் நான் கவனமாக இருந்தேன்.

கோல்பிக்கு நின்றிருந்த மாதவிலக்கு திரும்பி வந்தது. ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது என்றேன். ஆகஸ்ட் வெயிலில், உடம்பை மறைக்க வேட்டைக்குப் போடும் தடித்த கோட்டை மாட்டிக்கொண்டு பெட்ரோல் பங்கில் நின்றான். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். இப்போதும் நான் அங்கே வண்டியை நிறுத்தினால் அந்தக் கோட்டு கண்முன் தெரிகிறது. ஆள் யாரும் இருப்பதில்லை.

"மருந்து உள்ள போகுது டாக்டர், என் ஒடம்புதான் எடுத்துக்க மாட்டேங்குது. நான் பையன் இல்லைன்னு அதுக்குத் தெரிஞ்சிருச்சோ?" என்று அடுத்த ஊசியின்போது கேட்டான்.

"கொஞ்சம் பொறுத்துக்கோப்பா" என்றேன்.

மாதவிலக்கை நிறுத்த அவன் சாப்பாட்டை நிறுத்திவிட்டான் என்பது எனக்குத் தெரியாது. எடை குறைந்தது தெரியும். பள்ளிக்கூடப் பேண்டு வாத்தியப் பயிற்சியில் மயங்கி விழுந்தான். நகரத்து மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில்தான், உள்ளே மருந்தே போகவில்லை என்ற விஷயம் வெளியே வந்தது. மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறானாம். மருத்துவக் கழகம் விசாரணைக்கு உங்களை அனுப்பியதும் அதனால்தான்.

நீங்கள் கேட்க வருவது புரிகிறது. அவன் விழுவதற்கு வெகு முன்பே நீதிமன்றம் அந்தச் சட்டத்துக்குத் தடை போட்டுவிட்டது. காப்பீடும் திரும்பக் கிடைத்தது. ரோண்டா சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உண்மையான மருந்து அலமாரியில் இருந்தது. ஆனால் அதைப் போட்டால் சில வாரங்களில் உடம்பு மாறும். இத்தனை நாள் உள்ளே போனது என்ன என்று அவன் யோசிப்பான். உலகத்தில் அந்தப் பிள்ளை நம்பிய ஒரே டாக்டர் நான். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அன்றும் எண்ணெய்தான் போட்டேன்.