பச்சை எரியுதோ?

— இப்ப எரியுதோ, சித்தப்பா?

— எரியுது.

— என்ன நிறம்?

— பச்சை. பளிச்செண்டு எரியுது. அறைக்குள்ள நிண்டு கத்தாதையும் பிள்ளை, எனக்குக் காது நல்லாக் கேக்கும்.

— பச்சையெண்டால் இங்கை கொம்பியூட்டரில வந்திருக்க வேணும். ஒண்டும் வரேல்லை.

— வராது. உந்தப் பெட்டியைக் கண்ட உடனையே நினைச்சனான். மூண்டு கொம்பியூட்டரைப் பிணைக்க அஞ்சு ஓட்டைப் பெட்டி என்னத்துக்கு? ரெண்டு ஓட்டை சும்மா கிடக்கு. வள்ளத்தில சும்மா கிடக்கிற ஓட்டையாலதான் தண்ணி ஏறும்.

— இது வள்ளமில்லை, சித்தப்பா. நெற்வேர்க் சுவிச்.

— பேர் என்னவாயும் இருக்கட்டும். பச்சை எரிஞ்சும் வேலை செய்யேல்லை எண்டால் பெட்டி பழுது. விளங்கிச்சோ?

— நீங்கள் அடிச்ச வயர் இறுக்கமா இருக்கோ எண்டு பாருங்கோ.

— சுகந்தி, நாப்பது வரியம் வலை பொத்தின கை இது. நீர் காட்டித் தந்தமாதிரி எட்டு நூலையும் பிரிச்சு, நேராக்கி, அந்தக் கண்ணாடித் தலைக்குள்ள விட்டு, குறட்டால நெரிச்சனான். இழுத்துப் பாரும்.

— இழுத்துப் பாத்தனான். கழரேல்லை.

— கழராது. யாக்கோப்புவின்ர முடிச்சுக் கழண்டது எண்டு இந்த ஊர்காவற்றுறையில ஒருத்தர் சொல்லட்டும். கைக்கும் குறையில்லை, கண்ணுக்கும் குறையில்லை. மீன் கூட்டம் வாற தண்ணியை மற்ற ஆக்கள் காண முதல் நான் காணுவன். பழமிளகாய் ஆயிறதிலதான் உம்மட சித்தி என்னைப் பேசுறவ, காயையும் சேத்து ஆஞ்சு போட்டன் எண்டு. அது கவனமில்லாமல் செய்யிற வேலை, விடும்.

— சித்தப்பா, அம்மா கோயில்ல நவநாள் செபம் முடிஞ்சு வாறதுக்குள்ள இதை முடிக்க வேணும். திங்கக்கிழமை வகுப்புக்கு ஒன்பது பிள்ளையள் வருகினம். ஒரு பிறின்ரர்தான் கிடக்கு. மூண்டிலயிருந்தும் அதுக்கு அனுப்ப ஏலாட்டி நான் பிளொப்பியைத் தூக்கிக்கொண்டு அங்கையும் இங்கையும் ஓட வேணும்.

— திங்களுக்கு இன்னும் மூண்டு நாள் கிடக்கு. கொம்மா வந்தால் என்ன, அவ பெட்டியைத் திண்டிடுவாவோ?

— எங்கை வாங்கினது எண்டு கேப்பா.

— எங்கை வாங்கினது?

— ரவுணில.

— ரவுணில எண்டால், கப்பலிலயோ? கடை ஒண்டு இருக்குமெல்லே.

— பஸ் நிலையத்துக்குப் பின்னால கிடக்கிற புதுக்கடை. சண்டை நிண்டு பாதை திறந்தாப் பிறகு வந்தது.

— அது எமிலியானுஸ் வேலைக்கு நிக்கிற கடையெல்லோ.

— ஓம்.

— கொடிக்கார எமிலியானுஸ்.

— ஓம், சித்தப்பா.

— உம்மட கொப்பரை, என்ர அருளப்பு அண்ணையை, சாகக் கடலுக்குள்ள அனுப்பினவன்ர கையால சாமான் வாங்கி, கொப்பர் கட்டின வீட்டில கொண்டு வந்து வைச்சிருக்கிறீர்.

— மற்றக் கடையளில பதினாறு ஓட்டைதான் கிடந்தது. உள்ளுக்குப் போய்த்தான் அவரைக் கண்டனான்.

— கண்ட உடன திரும்பியிருக்கலாம்.

— திரும்பியிருக்கலாம். அவருக்கு என்னைத் தெரிஞ்சுபோச்சு. தலை நிமித்தேல்லை. கடையிலயே ரெண்டு கொம்பியூட்டரில கொளுவி, வேலை செய்யுது எண்டு காட்டித்தான் பெட்டிக்குள்ள வைச்சுத் தந்தவர். ‘குறை கண்டால் கொண்டு வாரும், பிள்ளை’ எண்டு மட்டும் சொன்னவர்.

— குறை கண்டால். அவனுக்கு அந்தச் சொல்லு வாயில வந்துதோ.

— வந்தது.

— அவர் போய் ஆறு வரியம், பிள்ளை. அந்த வரியந்தான் மீன்பிடிச் சங்கம் துறையில கொடி ஏத்தத் தொடங்கினது. பச்சையெண்டால் போகலாம், சிவப்பெண்டால் காத்து வரப்போகுது, போகக்கூடாது. சின்னப்பிள்ளையும் செய்யிற வேலை. விடியப்புறம் பச்சையை ஏத்திப் போட்டு, கச்சான் காத்துக் கிளம்பினாப் பிறகு ஓடிப்போய்ச் சிவப்பை மாத்திப் போட்டு, ‘நான் முதலே சிவப்புத்தான் ஏத்தினனான்’ எண்டு நிண்டவன்.

— வேறை ஒருத்தரும் அந்த நேரம் கொடியைக் காணேல்லையோ?

— எங்கட வள்ளந்தான் முதல் வெளிக்கிட்டது. மற்ற நாளெண்டால் நாலு வள்ளம் முன்னால போகும், நாங்கள் பின்னால போவம். அண்டைக்கு அருளப்பு அண்ணைக்கு அவசரம். அவருக்குத் தூரத்தில கண் தெரியாது எண்டு உமக்குத் தெரியுந்தானே. ‘தம்பி, என்ன கொடி?’ எண்டு கேட்டார். நான் பாத்துச் சொன்னனான், பச்சை எண்டு.

— வள்ளம் பிரண்டு நீங்கள் மட்டுந்தான் கரைக்கு வந்தனீங்கள்.

— பிறகு கோயில்ல, பங்குச் சனத்துக்கு முன்னால, அந்தோனியார் சுருவத்தில கை வைச்சுச் சத்தியம் பண்ணினனான். அதோட முடிஞ்சுது. அவனோட ஒருத்தரும் கதைக்கேல்லை. அவன்ர பெண்சாதி தண்ணி அள்ள வந்தால் மற்றப் பெண்டுகள் வாளியைத் தூக்கிக்கொண்டு போயிடுங்கள். கடைசியில குடும்பத்தோட ரவுணுக்குப் போட்டான்.

— அம்மாவும் வாளியைத் தூக்கினவ.

— தூக்காமல்? சரி, உந்தப் பெட்டியைக் கழட்டித் தாரும். நாளைக்கு முதல் பஸ்ஸில நானே கொண்டு போறன். முதலாளிக்கு முன்னால வைச்சுக் கேக்கிறன், ‘இன்னும் எத்தினை பேருக்குப் பழுதைக் குடுக்கப் போறாய்?’ எண்டு.

— முதலாளிக்கு முன்னால கேட்டால் அவரை வேலையால நிப்பாட்டிப் போடுவினம்.

— நிப்பாட்டட்டும்.

— பொறுங்கோ, கழட்ட முதல் நானும் ஒருக்கா வந்து பாக்கிறன்.

— வாரும். வடிவாப் பாரும்.

— எங்கை பச்சை எரியுது?

— இந்தா. என்ர விரலுக்கு நேரை.

— சித்தப்பா, இது சிவப்பு. கறன்ற் வருகுது எண்டதுக்கு எரியிறது. பச்சை லைற் இந்தப் பக்கம், ஓட்டைக்கு ஒண்டாக் கிடக்கு. ஒண்டும் எரியேல்லை.

— ஓ. யன்னலாலை வெய்யில் கண்ணில அடிக்குது.

— ஓம், அடிக்குது. அந்த வயரை ஒருக்காத் தாங்கோ.

— வயரில என்ன?

— செம்மஞ்சள் வரவேண்டிய இடத்தில பச்சை கிடக்கு.

— ஒண்டு மாறுப்பட்டிருக்கும்.

— மற்றத் தலையில பச்சை வரவேண்டிய இடத்தில மண்ணிறம்.

— மற்ற வயரைப் பாரும்.

— அதிலயும் மாறித்தான் கிடக்கு. மூண்டு வயர், ஆறு தலை. ஆறும் ஆறு விதம். நீலம் மட்டும் எல்லாத்திலயும் அதின்ர இடத்தில கிடக்கு.

— நீலம் தெரியுந்தானே. மற்றதுகள் ஒரே சாயல். குத்துமதிப்பா விட்டனான். எட்டும் உள்ளுக்குப் போனால் சரிதானே.

— கடுதாசியில நிறத்தை ஒழுங்கா எழுதித் தந்தனான், சித்தப்பா.

— வாசிச்சுத்தான் விட்டனான். கண்ணுக்குக் கிட்ட வைச்சுப் பாத்துப் பாத்துத்தான் விட்டனான்.

— சரி, பறவாயில்லை. குறட்டைத் தாங்கோ. தலை இன்னும் பத்துக் கிடக்கு, நான் வெட்டிப் போட்டுத் திருப்பி அடிக்கிறன்.

— அடியும்.

— இந்த நுனியைப் பிடியுங்கோ. ஆட்டாதையுங்கோ.

— நான் ஆட்டேல்லை.

— இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்கோ.

— பிடிச்சிருக்கிறன். அடியும்.

— ரெண்டு வயர் முடிஞ்சுது. முதல் இதுகளைக் கொளுவிப் பாப்பம். நான் அறைக்குப் போறன், நீங்கள் பிறின்ரருக்குப் பக்கத்தில நில்லுங்கோ.

— நிக்கிறன். பெட்டியில ஏதோ துடிக்குது. பிறின்ரரும் சத்தம் போடுது, கடுதாசியை இழுக்குது.

— என்ன வந்திருக்கு?

— உம்மட பேர். மேரிசுகந்தி எண்டு கொட்டை எழுத்தில.

— அது நான் அனுப்பினது. பெட்டி நல்ல பெட்டி, சித்தப்பா.

— பழுதில்லை.

— பழுதில்லை.

— இப்ப துடிக்கிற லைற் என்ன நிறம்?

— அது என்னத்துக்கு?

— சொல்லும்.

— பச்சை.

— ஓரத்தில துடிக்காமல் எரியிறது?

— சிவப்பு. விடுங்கோ, வயசு போனால் கண் அப்பிடித்தான்.

— வயசில்லை. கலியாணம் முடிச்ச வரியத்திலயிருந்து உம்மட சித்தி மிளகாய்க்குப் பேசுறா. அப்ப எனக்கு இருவத்தாறு.

— சித்தப்பா, மூண்டாவது வயரையும் அடிப்பம். நேரம் போகுது.

— குசினிக்குள்ள மிளகாய் கிடக்கோ?

— என்னத்துக்கு?

— ஒரு பழமும் ஒரு காயும் எடுத்து வாரும்.

— வேண்டாம்.

— எடுத்து வாரும், பிள்ளை.

— இந்தாங்கோ.

— எது பழம்?

— உங்கட வலக்கையில கிடக்கிறது.

— மணந்தால் தெரியுது. பாத்தால் தெரியேல்லை.

— மிளகாயை வையுங்கோ. கண்ணில கைபட்டால் எரியும்.

— அண்டைக்கு எமிலியானுஸ் கரையில நிண்டு ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினவன். நான் இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ஒளிக்கேல்லை, இதைச் சொல்ல வேணும் எண்டு நினைக்கேல்லை, அவ்வளவுதான். போட்டு வாங்கோ எண்டு ஆட்டுறான் எண்டு நினைச்சன். நானும் சிரிச்சுக்கொண்டு திருப்பிக் கை காட்டினனான்.

— அப்பாவும் கண்டவரோ?

— அவர் முதுகைக் காட்டிக்கொண்டு வலையை அடுக்கினவர். என்னை நம்பித்தானே அடுக்கினவர்.

— நீங்கள் பொய் சொல்லேல்லை, சித்தப்பா.

— பொய்யெண்டால் எப்பவோ பாவசங்கீர்த்தனத்தில சொல்லி முடிச்சிருப்பன்.

— படலைச் சத்தம் கேக்குது. அம்மா வந்திட்டா. அந்தத் துணியைப் பெட்டிக்கு மேல போடுங்கோ. கடையைக் கேட்டால் ரவுணில எண்டு மட்டும் சொல்லுவம்.

— துணி வேண்டாம். எமிலியானுஸிட்டை வாங்கினது எண்டு சொல்லும்.

— பேசுவா. பெட்டியைத் தூக்கி வெளிமுற்றத்தில எறிவா.

— எறிய முதல் நான் அவவோட கதைக்க வேணும். கதிரையை இழுத்துப் போடும், அவ இருந்து கேக்கட்டும்.

— அம்மாவிட்டை என்னெண்டு சொல்லப் போறியள்?

— கொடி சிவப்பு எண்டு.