தலைமுழுகிய மகன்

யமின், நீ அனுப்பிய முழங்கால் தைலம் வந்து சேர்ந்தது. தாய்லாந்துச் சரக்கு நல்ல சரக்குதான். இரண்டு நாளாகப் படியேற முடிகிறது.

உன் புருஷனைக் காட்டிக்கொடுத்தது படகுக்காரர் போ சின்தான் என்று அங்கே எல்லோரும் பேசுவதாக எழுதியிருந்தாய். அவர் வீட்டில் யாரும் கை நனைப்பதில்லையாமே. பாவம், அந்த மனிதரை விட்டுவிடச் சொல். நடந்ததை உள்ளபடி சொல்கிறேன்.

வாத்தியார் வேலையை உதறிவிட்டு, பர்மாவின் ராணுவ ஆட்சியை எதிர்த்து ஊர்வலம் போய், அவன் உன்னோடு எல்லை தாண்டிய மறுவாரமே நான் செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுத்தேன். ‘பெற்றோர் மனம் நோக நடந்துகொண்டதால் ஸேயா லின் இனி எங்கள் மகன் இல்லை.’ மோல்மீனில் எங்கள் தெருவில் மட்டும் நாலு வீட்டார் அப்படிக் கொடுத்தார்கள். கொடுக்காவிட்டால் வீட்டுக்குச் சீல் வைத்துவிடுவார்கள். அதை எந்தப் பிள்ளையும் நிஜமென்று எடுத்துக்கொள்வதில்லை. அவனே போனில் சிரித்தான்.

“என் பேர்லயே எழுத்துப் பிழை இருக்குப்பா. தலைமுழுகுறதுதான் முழுகுறீங்க, ஒழுங்கா முழுகக் கூடாதா?”

நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு வெகுநேரம் அழுதேன்.

ராணுவம் நியமித்த எங்கள் வட்டாரத் தலைவர் சிரிக்கவில்லை. “பேப்பர்ல தலைமுழுகுவீங்க, போன்ல கொஞ்சுவீங்க. யாருக்குக் காது குத்துறீங்க, பெரியவரே?” என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “அவனை வரச் சொல்லுங்க. ரெண்டு வருஷம் உள்ள இருப்பான். மாசாமாசம் சோறு கொண்டுபோய்ப் பார்க்கலாம். அந்தப் பக்கமே இருந்தான்னா நீங்க சாகுறதுக்குள்ள ஒருதடவை பார்ப்பீங்களா?”

நீயே யோசித்துப் பார், அவர் சொன்னதில் தப்பென்ன? வீட்டுக்காகச் செய்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. வீடு தப்பியது, அது வேறு விஷயம். எனக்குப் பிள்ளையின் முகம் வேண்டியிருந்தது. கம்பிக்குப் பின்னால் இருந்தாலும் முகம் முகம்தானே.

‘அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது, உன் பேரைத்தான் சொல்கிறாள்’ என்று அவனிடம் போனில் சொன்னேன். அப்போது உன் மாமியார் அடுப்படியில் சுரைக்காய் பஜ்ஜி சுட்டுக்கொண்டிருந்தாள். நான் இப்படிச் சொன்னது அவளுக்கு இன்றுவரை தெரியாது. நீயும் சொல்லாதே, தாங்கமாட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் சல்வீன் ஆற்றுத் துறையில் போ சின்னின் படகிலிருந்து இறங்கினான். மிகவும் இளைத்திருந்தான். நான் யாரைக் கட்டிப்பிடிக்கிறேனோ அவன்தான் ஆள் என்று ஏற்பாடு. கட்டிப்பிடித்தேன். தேவைக்கு மேல் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டே நின்றேன்.

“அம்மா எப்படிப்பா இருக்கு?”

“உனக்காகத்தாண்டா உசுரப் பிடிச்சிட்டிருக்கா.”

டீக்கடையிலிருந்து நாலு பேர் எழுந்து வந்தார்கள். அவர்களைக் கண்டதும் என்னைப் பின்னால் தள்ளிவிட்டுக் குறுக்கே நின்றான். “ஓடுங்கப்பா. நான் பாத்துக்கிறேன், நீங்க ஓடுங்க” என்றான். என்னைப் பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்துவிட்டான்.

ஐந்தாம் நாள் மாரடைப்பு என்று சொல்லி அனுப்பினார்கள். முப்பத்தொரு வயதில். உடலைக்கூடத் தரவில்லை. என் நெஞ்சு வெந்துபோய்க் கிடக்கிறது, யமின். ஆனால் அவர்கள் வாக்குத் தவறினால் அதற்கு நான் என்ன செய்வேன்? அவனுக்கு என்மேல் வருத்தம் இல்லை. இருந்திருந்தால் என்னை ஓடச் சொல்லியிருப்பானா?

என் பேரனை நான் இன்னும் பார்க்கவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு சீக்கிரம் வந்துவிடு. பயப்பட ஒன்றுமில்லை, வட்டாரத் தலைவரிடம் பேசிவிட்டேன். துறைக்கு நானே வந்து நிற்கிறேன்.