அம்மாவின் இடது இமை

எங்கள் கூடத்து நாற்காலிகளில் ஒன்று ஆடும். வரும்போதெல்லாம் நீங்கள் அதில்தான் உட்காருவீர்கள். நான் சொல்லியிருக்கலாம். அசௌகரியம் தாங்காமல் நீங்களே எழுந்து போவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் அப்படிப் போகிறவர் இல்லை.

நேற்று கிளினிக்கில் விசாரித்துவிட்டு வந்து, "ஏம்மா அப்படிச் செஞ்சே?" என்று கேட்டீர்கள். குரலை உயர்த்தாமல் கேட்டீர்கள், அதனால் முழுதாகவே சொல்கிறேன்.

அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, புருவத்தைச் சுருக்கியே மாணவர்களை பிரேக் மிதிக்க வைப்பாள். நானும் அந்தச் சுருக்கத்தைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். அப்பா இறந்த பிறகு எனக்கு வேறு சிக்னல் இல்லை. அவளிடம் ஓட்டக் கற்றுக்கொண்ட நீங்களோ லைசென்ஸ் வாங்கிய பிறகும் பாடம் கேட்க வந்தீர்கள்.

"ஏண்டி, உங்கம்மா ஸ்டூடண்டுக்கு ரிவர்ஸ் கியரே விழாதா?" என்று சித்தி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

உங்களுக்கும் அம்மாவுக்கும் பதிவுத் திருமணத்துக்கு நாள் குறித்ததும், புருவ மத்தியில் இருந்த அந்தச் சுருக்கம் போக ஊசி போட்டுக்கொள்கிறேன் என்றாள் அம்மா. உங்களுக்காக. துணைக்கு நான்தான் போனேன். ஊசி முடிந்து அவள் உள்ளே கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தபோது, நர்ஸ் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"வீட்ல மசாஜ் மெஷின், சூடு குடுக்கற மெஷின் ஏதாவது இருந்தா, டாக்டர் திரும்பப் பார்த்து சரின்னு சொல்ற வரைக்கும் முகத்துல வைக்க வேணாம்மா. அழுத்தினா மருந்து கண்ணுப் பக்கம் இறங்கிடும். இமை தொங்கிடும்."

தெளிவாகத்தான் சொன்னாள். நர்ஸைக் குறை சொல்லாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "அந்த அதிர்ற மெஷினை வைக்கலாமாடி? என்ன சொன்னாங்க?"

"தாராளமா வைக்கலாமாம். மருந்து நல்லா பரவுமாம். படும்மா, நானே செஞ்சுவிடறேன்."

மடியில் தலை வைத்துக்கொண்டாள். இடது புருவத்துக்கு மேலே கருவியை வைத்து, கண்ணை நோக்கி அழுத்தி இறக்கினேன். மறுபடியும். மறுபடியும்.

"சுகமா இருக்குடி. நீ கல்யாணம் பண்ணிட்டுப் போயிட்டா எனக்கு யார் செய்வா?"

"நான் எங்கேயும் போகலை. போறது நீதான்."

இருவரும் சிரித்தோம்.

சில நாட்களில் இமை இறங்கிப் பாதிக் கண்ணை மூடியது. அம்மா வண்டியைத் தொடவில்லை. திருமணத்தைத் தள்ளிப்போட்டாள். "இந்த மூஞ்சியோட அவர் முன்னாடி எப்படி நிப்பேன்" என்று அழுதபோது அணைத்துக்கொண்டவள் நான். அம்மா உங்களைப் பார்க்க விரும்பவில்லை என்று வாசலிலேயே சொல்லி அனுப்பியதும் நான். அவள் அப்படிச் சொல்லவில்லை.

நர்ஸுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மருந்தின் வேகம் குறைந்து இமை மெல்ல எழத் தொடங்கியது. அம்மா உங்களோடு பேசப் போனைக் கையில் எடுத்தாள். இன்னொரு ஊசி போட்டால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும் என்று சொல்லி, வேறொரு கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். கிளம்பும்போதே கருவியைச் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். அன்றும் அவள் என் மடியில்தான் படுத்தாள்.

குற்றம் என்று பெயர் வைப்பதானால் வையுங்கள். வருத்தத்தை மட்டும் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். அந்த முகத்தை முதலில் அழிக்கக் கிளம்பியவள் அவள். யாருக்காக என்று உங்களுக்கே தெரியும். நான் அவளை வீட்டோடு வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறேன். செய்தித்தாள் வாசித்துக் காட்டுகிறேன். என்னைப் பார்ப்பதற்கு அவள் தலையை அண்ணாந்துகொள்கிறாள். எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை.

கொஞ்ச நாளாக, நான் வீட்டில் இருக்கும்போது மட்டும் தன் அறையை உள்ளே தாழ் போட்டுக்கொள்கிறாள். கண் சரியாகத் தெரியாமல் கை தவறிப் போட்டுவிடுகிறாள், பாவம்.