எழுபத்தெட்டிலேயே நின்ற போன்

பாப்பா, இந்த வாக்குமூலத்தில் உன் பெயரை முதலில் எழுதச் சொன்னேன். என் பெயர்தான் முதலில் வர வேண்டுமாம்.

பேச்சியம்மா, காலஞ்சென்ற ராஜலிங்கத்தின் மனைவி, வயது 53, மடுல்கெல்ல, மேல் பிரிவு, ஆறாம் லயத்து வீடு. கொழுந்து பறிப்பவள். மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். இறந்துபோன யசோதினி, வயது 24, என் மகள்.

என் மகள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் மெசின் அறையில் இரண்டு வருடம் வேலை செய்தாள். அங்கே பக்கத்தில் நிற்பவரின் காதில் வாயை வைத்துத்தான் கத்த வேண்டும். வீட்டுக்கு வந்தும் இரண்டு மணித்தியாலம் அவளுக்குக் காது இரையும். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அதனால் சென்ற தை மாதம் அவளும் ஒன்பது பேரும் காதுக்கு மூடி கேட்டார்கள். அதன் பிறகு பாதுகாப்பு அதிகாரி திவாகரன் சப்பாத்தில் தூசி படாமல் அறை வாசலில் நின்று, சத்தம் அளக்கும் 'அப்' ஒன்று இருந்த தன் போனை நீட்டி, எழுபத்தெட்டு டெசிபல் என்றார். எண்பத்தைந்துக்கு மேல் போனால்தான் மூடியாம். கொழுந்து நிறுக்க வந்த நானும் அங்கே நின்றேன். மெசின் இரண்டு ஓடினாலும் எழுபத்தெட்டு, ஐந்து ஓடினாலும் எழுபத்தெட்டு.

"சேர், ஒங்க போனுக்குத்தான் காது அடைச்சிருக்கு, மொதல்ல அத டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள் என் மகள்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது புள்ள, நீங்கதான் சொல்லுவீங்க" என்று சொல்லிவிட்டு அந்த மகான் போய்விட்டார்.

தராசில் சந்தேகம் வந்தால் ஐந்து கிலோ படிக்கல்லை மாட்டிக் காட்டாமல் நாங்கள் கொழுந்துக் கூடையைக் கொடுக்க மாட்டோம். அரைக் கிலோவுக்கு அவ்வளவு வாய் பேசும் நாங்கள், அந்தப் போனுக்குப் படிக்கல் எங்கே என்று கேட்கவில்லை.

அதன் பிறகு 2025.06.11ஆந் திகதி பின்னேரம் நாலரைக்கு வேலை விட்டு அவள் தொழிற்சாலை முற்றத்தில் வரும்போது லொறி ரிவர்ஸில் வந்தது. சாரதி ஹோன் அடித்தார். வெளி வாசலில் நின்ற எனக்கே அது கேட்டது. நானும் கத்தினேன். அவள் குனிந்து செருப்பில் ஒட்டிய தூளைத் தட்டிக்கொண்டிருந்தாள். சாரதிமேல் எனக்குக் குறை இல்லை.

அதன் பிறகு, அவள் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடந்தாள் என்று திவாகரன் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவளுடைய பட்டன் போன் அன்று வீட்டில் சார்ஜில் கிடந்தது.

மூன்றாம் நாள் பேராதனையிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்து, ரோலர் அறையில் சரியான கருவியை வைத்தார். தொண்ணூற்றாறு. பக்கத்தில் வைத்த திவாகரனின் போன் எழுபத்தெட்டு. போன் மைக் பேசுவதற்காகச் செய்தது, பெரிய சத்தத்தைத் தானே குறைத்துவிடும், அளவு தெரிந்த சத்தத்தோடு ஒத்துப் பார்க்காவிட்டால் அதில் வருவது வெறும் இலக்கம் என்றார்.

"அப்டேட் பண்ணல சேர்" என்றார் திவாகரன். தலைகூடக் குனியவில்லை. என் மகளைப் புதைத்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

இறந்தவரின் கவனயீனம் என்று இதில் ஒரு வரி இருந்தது. அதை வெட்டாமல் கையெழுத்து வைக்க மாட்டேன் என்றேன். வெட்டினார்கள். வாசித்துக் காட்டக் கேட்டேன். மிச்சம் இருப்பது நான் சொன்னதுதான், பொய் இல்லை. கைநாட்டு வேண்டாம், பெயர் எழுதத் தெரியும்.

(ஒப்பம்) பேச்சியம்மா

கீழே இடம் இருக்கிறது, இதை என் கையாலேயே எழுதுகிறேன். பாப்பா, அந்த நேரம் உன் காதில் என்னதான் கேட்டது?