மண்டப வாசலில் படுத்துக்கொண்ட காண்டெஸ்ஸா

காப்பிக்கு நன்றி ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

என் பெயர் ரத்தினசாமி. மைசூர் ஹெப்பாளில் டிப்பர் லாரிகளுக்கு ஹைட்ராலிக் வேலை பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். மனைவி போய்ப் பதினோரு வருடம். ஒரே மகள் ரூபா. பள்ளிக்கூடம் விட்டால் நேரே பட்டறைக்குத்தான் வருவாள். எண்ணெய் எங்கே கசிகிறது என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவாள்.

இந்தத் தொண்ணூற்றேழில் அவளுக்கு ரவிக்குமாரை நிச்சயம் செய்தோம். தங்கமான பையன். ஊர் ஸ்ரீரங்கப்பட்டணம் என்பது ஒன்றுதான் குறை. பதினைந்து கிலோமீட்டர்தானே என்பார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால் கௌதள்ளியிலிருந்து காளியப்பன் என்பவர் பெண் பார்க்க வந்தார். திரும்பும்போது அவர் ஸ்கூட்டரில் பிரேக் பிடிக்கவில்லை. கால் ஒன்றுதான் உடைந்தது. அந்தச் சம்பந்தம் அப்படியே நின்றுவிட்டது.

ரவிக்குமாரிடம் பழைய காண்டெஸ்ஸா கார் ஒன்று இருந்தது. "மாமா, டிவியில பாத்தேன். காரு அப்படியே குனிஞ்சு எந்திரிக்குது. கல்யாணத்துக்கு நம்ம வண்டிக்கும் ஸ்வல்ப, கொஞ்சமாவது அப்படிச் செஞ்சு குடுங்க" என்று கேட்டார். ஆசைப்பட்டுக் கேட்கும்போது எப்படி மறுப்பது? ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு நான்கு சக்கரத்துக்கும் சிலிண்டர் வைத்தேன். டிக்கியில் பம்பு, ஸ்டியரிங் பக்கத்தில் ஸ்விட்ச். தட்டினால் வண்டி ஒரு முழம் எழும்பும். தெருவே கைதட்டியது.

மண்டபத்தை நான்தான் பார்த்துப் பிடித்தேன். வாசலில் இரண்டு பக்கமும் ஒரு அடி உயரக் கல்கட்டு, நடுவே ஒரு கார் நுழையும் இடம். வண்டி உயர்ந்து நின்றால் கதவு கல்லுக்கு மேலே திறக்கும். படுத்தால் திறக்காது.

முகூர்த்தம் காலை ஒன்பதுக்குள். எட்டரைக்கு நாயனம் முழங்க வந்து நின்ற காண்டெஸ்ஸா, மெல்ல மெல்லப் படுத்துக்கொண்டது. கதவு கல்லில் முட்டியது. மாப்பிள்ளை ஜன்னல் வழியாக வர முயன்று, மாலையோடு இடுப்பில் சிக்கிக்கொண்டார். பாதி உள்ளே, பாதி வெளியே. அவருடைய மாமா செல்லக்கண்ணு உள்ளிருந்து, "அபசகுனம், வண்டியைத் திருப்பு" என்று கத்தினார். நான் ஓரமாக நின்றுகொண்டேன். பெரியவர்கள் முடிவு செய்யட்டும் என்று இருந்தேன்.

அப்போது கூறைப்புடவையோடு ரூபா வந்தாள். டிக்கியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"அப்பா, பதினேழாம் நம்பர் ஸ்பேனர்."

எடுத்துக் கொடுத்தேன்.

"கல்யாணத்துக்குப் பட்டுச் சட்டைப் பையில ஸ்பேனர் எதுக்குப்பா?"

டிக்கியிலிருந்த எண்ணெய் டின்னை எடுத்து நீட்டினேன். அவள் எண்ணெய்க் குழாயின் நட்டை முறுக்கினாள், டின்னிலிருந்து எண்ணெய் ஊற்றினாள், டிரைவரை ஸ்விட்ச் போடச் சொன்னாள். வண்டி எழுந்தது. ஒன்பதுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது தாலி ஏறியது. செல்லக்கண்ணு நேரே ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் கொடுத்துவிட்டார்.

நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தியது நான்தான் ஐயா. காளியப்பனின் பிரேக் கேபிளை அறுத்ததும் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். என்னை விட்டு ரூபாவால் ஒரு நாள்கூட இருக்க முடியாது. வேறு காரணம் கிடையாது.

புருஷனோடு காரில் ஏறியபோது அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் அழுதுவிடுவோம் என்று பயந்திருப்பாள், பாவம்.